உன் கட்டத்தில் நான் போட்ட டிக்

நேற்று மத்தியானம் என் மகளிடம் கத்திவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "வளந்த புள்ளயப் போட்டு இப்படியா கத்துவ?" என்று என்னைத்தான் கண்டித்திருப்பாய்.

அவள் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் கண்காணிக்கும் வேலை பார்க்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஊருக்கு ஊர் ரௌட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். எந்தத் தகவலை எந்த வழியாக அனுப்புவது என்று அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்குமாம். ஒன்று பதில் சொல்லாமல் போனால் மகளின் போனில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். திரும்பப் பேச ஆரம்பித்தால் இன்னொரு 'டிங்'. நேற்று நல்ல மழை. பத்து நிமிஷத்தில் எட்டு டிங் எண்ணினேன். அவள் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள், சத்தம் நின்றுவிட்டது.

"என்னம்மா செஞ்ச?" என்று கேட்டேன்.

"மழ வந்தா அந்த லைன் இப்படித்தாம்பா. விழும், தானா எந்திரிக்கும். மியூட் பண்ணிட்டேன் லா."

"மொதல்ல சத்தத்தப் போடு" என்று கத்தினேன். பிள்ளை மிரண்டு போய்ப் போனை எடுத்து எதையோ தட்டினாள். சமையல்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்வதில்தான் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம் இருக்கிறதே. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து மழையைப் பார்த்தபடி நின்றேன். உனக்கு இதை எழுதாமல் இனி என்னால் தூங்க முடியாது என்று அப்போதுதான் பட்டது.

நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நீ மறந்திருக்க மாட்டாய். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஏழாங்கட்டை, அதாவது ஏழாவது மைல், சுற்றிலும் செம்பனை மரங்கள், நடுவில் அந்த வெள்ளைக் கட்டடம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் இரண்டைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அது. ஆனால் உள்ளே ஏசி. அது மிஷின்களுக்காகப் போட்டது, நமக்காக இல்லை என்று நீ எப்போதும் சொல்வாய். எனக்கு அதெல்லாம் கவலையில்லை. என் அப்பா ரப்பர் பால் வெட்ட விடியற்காலையில் பால்மரத்துக்குப் போய்க் கொசுக்கடியில் நின்றவர். நான் சட்டையை உள்ளே விட்டு, பேனாவைப் பையில் குத்திக்கொண்டு, குளுகுளுவென்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எண்பதுகளில் நம் தோட்டத்துப் பையன்களுக்குக் கவர்மெண்ட் வேலை என்றால் சும்மாவா? நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். நீ அப்படி இல்லை. ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே வயதுதான், ஆனாலும் நீ மட்டும் அந்த மிஷின்களை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கவனித்துக்கொண்டாய்.

சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் போன் நம் வழியாகத்தான் போனது. தோட்டத்துக்கு ஒரு லைன், அது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீசில் முடியும். அங்கிருந்து ஒரு கிளை மருந்தகத்துக்கு. நம் பலகையில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு சிவப்பு விளக்கு. லைன் அறுந்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும். லைன் திரும்பினால் விளக்கு அணையும், மணி நிற்கும். எந்தப் புத்திசாலி கட்டினானோ, அந்தப் பலகை மிஷின்களுக்குப் பின்னால் நடைபாதையைப் பார்த்தபடி இருந்தது. நம் மேசையிலிருந்து விளக்கு தெரியாது. மணி ஒன்றுதான் நமக்குக் காது, கண் எல்லாம். தலைக்குள் ஆணி அடிப்பது போல ஒரு மணி. பழுது பார்க்கிறவன் கொஞ்ச நேரம் அதை நிறுத்தி வைத்துக்கொள்ள, பலகையின் பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது.

மழைக்காலத்தில் அந்த மணி நம்மை என்ன பாடு படுத்தியது. எங்கேயோ ஒரு கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கும், லைன் விழும். கொஞ்சம் காயும், எழும். மறுபடி விழும். நான் நாற்காலியை விட்டு அசைய மாட்டேன். "தானா வரும்டா, உக்காரு" என்பேன். நீ ஓடுவாய். கால் மணி நேரத்துக்குள் மூன்று தடவை அடித்தால் அந்தத் தோட்டத்தை உடனே கோல சிலாங்கூர் வழியாகப் போகும் மாற்று லைனுக்கு மாற்றிவிடுவாய். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் மழை விட்டதும் பழைய லைனைச் சோதித்துத் திரும்ப மாற்ற வேண்டும், அதற்கு ஒரு தாள் எழுத வேண்டும். அந்தச் சோம்பலில்தான் நான் விட்டுவிடுவேன்.

"மணி அடிச்சா ஓடுறியே, நீ கோயில் பூசாரி வேலைக்குப் போயிருக்கலாம்டா" என்று உன்னைக் கிண்டல் செய்வேன்.

நீ சிரிக்க மாட்டாய். "செத்த லைனுக்குப் பயப்படாத. விட்டு விட்டு வருதே, அதுக்குப் பயப்படு" என்பாய். என்னவோ பெரிய ஆள் மாதிரி பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

டியூட்டி மாறும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஏழிலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஒன்பது வரை இன்னொருவர். வருகிறவர் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, 'மணி வேலை செய்கிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அது வருகிறவரின் கட்டம். போகிறவர் அதைத் தொடக்கூடாது. ஆனால் நம் எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் அதைத் தொட்டோம். அடுத்து வருகிறவனுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று போகிறவனே டிக்கைப் போட்டு வைத்துவிடுவான். வந்தவன் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அதை நாங்கள் ஓர் அன்பாகவே நினைத்தோம். உனக்கு மட்டும் அது பிடிக்காது. "எனக்குப் போடாதடா, நான் பாத்துப் போட்டுக்கிறேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். நான் போடுவேன். நீயும் போனால் போகிறது என்று விட்டுவிடுவாய்; ஆனால் டிக் இருந்தாலும் குனிந்து அந்தச் சுவிட்சைப் பார்த்து, மணியை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாய்.

ஒரே ஒரு நாள் நீ பார்க்கவில்லை.

அன்று காலை டியூட்டி எனக்கு. பன்னிரண்டு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மணிக்கு நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். யாரோடு என்று உனக்குத் தெரியாது. பத்தாங் காலியில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அவளோடு. இப்போது சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாளே, அவள்தான். எங்கள் கல்யாணப் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. "மாப்பிளைக்கு வேல நிரந்தரமாகட்டும், தேதி வச்சிக்கலாம்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். நிரந்தரக் கடிதம் அடுத்த மாதம் வர வேண்டும். ஆபீஸ் லைனில் சொந்தப் பேச்சுப் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? அவள் கடையில் முதலாளி சாப்பிடப் போகும் நேரம் அது ஒன்றுதான். என்ன நிறச் சேலை எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய், சுவிட்சைத் தட்டி மணியை நிறுத்தினேன். எரிந்தது எந்தத் தோட்டத்து விளக்கு என்றுகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து பேச்சைத் தொடர்ந்தேன்.

பிறகு அதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது உண்மை. அதில் பொய்யில்லை. மீதி எல்லாவற்றிலும் பொய் இருக்கிறது.

இரண்டு மணிக்கு நீ தொப்பலாக நனைந்து வந்தாய். மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டது என்றாய், சேற்றில் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாய். நான் என் துண்டைக் கொடுத்தேன். எனக்கோ பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உன் கட்டத்தில் டிக் போட்டேன், என் பேனாவையே உன் கையில் கொடுத்தேன்.

"எல்லாம் ஓக்கேயா?" என்று கேட்டாய்.

"எல்லாம் ஓக்கேடா. ஒன்னுமே இல்ல. சைன் பண்ணு, நான் ஓடுறேன்."

தலையைத் துவட்டிக்கொண்டே பலகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாய். அந்த நேரம் பார்த்து விளக்கு ஒன்றும் எரியவில்லை. லைன் அப்போது எழுந்திருந்தது போலும். சுவிட்சைப் பார்க்க நீ குனியவில்லை. நான் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டாய். மாதக் கடைசி என்பதால் மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தாய். மணி அடித்தால் உனக்குக் கேட்டிருக்கும். அடிக்கவில்லை.

நடந்ததை மறுநாள் நாம் இருவரும் சேர்ந்துதான் கேட்டோம். டியூட்டி மாறும் நேரம், உன் வீடு இருந்த நாலாங்கட்டைத் தோட்டத்து டிரெஸர் சைக்கிளில் வந்து இறங்கினார். மருந்தகத்தில் ஊசி போட்டு, காயத்துக்குக் கட்டுக் கட்டும் அந்த மனிதர், நம்மைப் பார்த்ததும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். களை, உரம் என்று வெளிக்காட்டு வேலை செய்யும் பாக்கியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வலி கண்டிருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்தால் லைன் இருந்தது, நம்பரைச் சுழற்றி முடிப்பதற்குள் அறுந்துபோனது. இப்படியே இரண்டு மணி நேரம்.

"லைனு ஒரேயடியா செத்திருந்தா நான் உடனே டிராக்டர்ல ஏத்தியிருப்பேன் தம்பி" என்றார். "அது சாகல. எடுத்தா ஊன்னு சத்தம் வருது, நம்பரச் சுத்துனா அறுந்துடுது. இந்தா கெடச்சிடும், இந்தா கெடச்சிடும்னு நின்னேன். தாய் பொழச்சிக்கிச்சி. புள்ளதான் போச்சி."

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோப்பி கலக்க எழுந்து நடைபாதை வழியாகப் போனபோது, விளக்கு எரிவதையும் மணி அடிக்காததையும் நீ பார்த்திருக்கிறாய். குனிந்து சுவிட்சைப் போட்டு, நாலாங்கட்டையை மாற்று லைனுக்குத் திருப்பியிருக்கிறாய். டிரெஸரின் போன் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. மணி ஒழுங்காக அடித்திருந்தால் இரண்டரை மணிக்கே மூன்று தடவை எண்ணி முடித்திருப்பாய். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பாக்கியம் உன் அம்மாவோடு ஒரே மர நிரையில் வேலை செய்கிறவள் என்பதும் உனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மேலதிகாரி டவுனிலிருந்து வந்தார். நம் இருவரையும் மேசைக்கு முன்னால் நிற்க வைத்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். மணி வேலை செய்வதாக இரண்டு மணிக்கு டிக் போட்டிருக்கிறதே, போட்டது யார் என்று கேட்டார். உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். கட்டம் உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது.

நீ அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதட்டிப் பார்க்கவில்லை, கெஞ்சிப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தாய். நான் என் கால் சப்பாத்தைப் பார்த்தேன். அடுத்த மாதம் வர வேண்டிய கடிதத்தை நினைத்தேன், அவள் அப்பாவை நினைத்தேன். ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நீ அவர் பக்கம் திரும்பிச் சொன்னாய், "நான்தான் போட்டேன்." மணி எப்படி நின்றது என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றாய். என்னிடம் கேட்டார். நான் போகும்போது எல்லாம் சரியாக இருந்தது என்றேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

வெளியே வந்ததும் மோட்டார் கொட்டகையில் நின்றோம். "சாப்டியா?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். நீ நகராமல் நின்றாய். நான் வானத்தைப் பார்த்து, "மழ வரும் போல" என்றேன். நீ மோட்டாரை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டாய்.

கோலாலம்பூரில் பயிற்சிக்கு உன் பெயர் போயிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். உள்வேலையிலிருந்து நீக்கி, உலு சிலாங்கூர் பக்கம் டெலிபோன் கம்பம் நடும் கூட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள். மிஷின்களை விருந்தாளி மாதிரி பார்த்துக்கொண்டவனுக்கு வெயிலில் கடப்பாரை. தோட்டத்திலும் உன்னை விடவில்லை. பாக்கியத்தின் புருஷன் உன் அம்மாவிடம் வந்து, "ஒம் மவன் தூங்கிட்டானாமே" என்று கேட்டுவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள். அதற்கும் நீ வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கடிதம் வந்தது, கல்யாணமும் நடந்தது. கல்யாணத்துக்கு நீ வந்தாய். வந்து சும்மாவா இருந்தாய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிப் பந்தி பந்தியாகப் பரிமாறினாய். மணவறையில் உட்கார்ந்துகொண்டு நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வராமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படி நினைத்தவன் மனுஷனா? இன்றைக்கு என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு பல வருஷம் உன் கண்ணில் படாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். நீ அந்த வேலையை விட்டு ரவாங்கில் ஃபேக்டரிக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை ரவாங் மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டேன். கையில் கீரைக்கட்டோடு நீ நின்றாய். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாய், சொன்னேன். "வேற?" என்றாய். வேலையைப் பற்றி ஏதோ சொன்னேன். "வேற என்னா, சொல்லு" என்றாய் மறுபடி. மீன் விலை ஏறிவிட்டது என்றேன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய். பேச்சுக்காகக் கேட்கிறாய் என்று அன்று நினைத்தேன்.

அந்த டிக்குக்குப் பிறகு நான் யாருடைய கட்டத்திலும் கை வைத்ததில்லை. மணி ஒரு தடவை அடித்தாலும் எழுந்து ஓடுகிற ஆள் என்று என்னைப் பற்றி ஆபீசில் பெயர். ஓய்வு பெற்ற அன்று, இவரைப் போல் பொறுப்பான மனிதரைப் பார்த்ததில்லை என்று மேடையில் பேசினார்கள். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் உன்னிடமிருந்து எடுத்ததுதான்.

சிறுநீரகம் போய் நீ படுத்திருந்தது எனக்குத் தெரியும். வருகிறேன் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் உன் பதினாறாம் நாளுக்குத்தான் புக்கிட் பெருந்துங்கில் உன் வீட்டு வாசலை மிதித்தேன். எல்லோரும் கலைந்த பிறகு உன் மனைவி தனம் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஆனா அவரு எங்கயும் போமாட்டாருண்ணே" என்றாள். "கூட்டாளி வந்தாலும் வருவாரு, வந்தா நான் வீட்ல இருக்கணும்னு சொல்லுவாரு. எனக்குக் கோவம் வரும். அவ்ளோ பாக்கணும்னா நீங்க போய்ப் பாருங்களேன்னு கேட்டேன். 'நான் போய் நின்னா அவனுக்குச் சங்கடமாயிடும். அவனா வரட்டும், வருவான்'னாரு. எதுக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

கோப்பிக் கோப்பையை எடுத்தேன், குடிக்காமல் வைத்துவிட்டேன்.

"என்னா விசயம்ணே அது?" என்று கேட்டாள்.

சுவரில் உன் படம். புது மாலை. நீ அதே போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். தனத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேசை, இரண்டு கோப்பை, வேறு ஒன்றும் இல்லை. மேலதிகாரி இல்லை, நிரந்தரக் கடிதம் இல்லை, பெண்ணைப் பெற்ற அப்பா இல்லை. பயப்பட ஒரு காரணமும் மிச்சமில்லை.

"பழைய சிநேகிதம்மா, வேற என்ன" என்றேன்.

அப்போதும் நாக்கு தடுமாறவில்லையடா. அன்றைக்கு வேலைக்காகப் பொய் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் எதற்காகச் சொன்னேன்? நீ எனக்காகக் காத்திருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் இனி நான்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

பாக்கியம் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் போக வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. இதோ, இதை எழுதுவதை நிறுத்திவிட்டு இப்போதுதான் தனத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அன்றைக்குக் கேட்டாயே, அதைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"வாங்கண்ணே" என்றாள். "அவருதான் இல்ல."